ஜப்பான் வாட்ச்சில் கை எங்கே, மெஷின் எங்கே?

"ஜப்பானிய வாட்ச் கம்பெனிகள் பாரம்பரியக் கைவினை என்று சொல்லி லட்சக்கணக்கில் விலை வைக்கின்றன. உண்மையிலேயே கையால்தான் செய்கிறார்களா, அல்லது வெறும் விளம்பரமா? வாங்குவதானால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?" இதுதான் கேள்வி.

கைவேலை உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் வாட்ச்சின் முகத்திலும் உடம்பிலும் இருக்கிறது. அதாவது டயல், முள், கேஸ். உள்ளே ஓடும் மூவ்மென்ட்டின் பாகங்களை வெட்டுவது அநேகமாக எல்லா இடத்திலும் மெஷின்தான். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "பாரம்பரியம்" என்று ஒட்டப்படும் எல்லாமே பழைய ஜப்பானிலிருந்து வந்தவை அல்ல. சில நிஜமாகவே பல நூறு ஆண்டுத் தொழில்கள். சில ஐரோப்பாவிலிருந்து வந்து ஜப்பானில் மெருகேறியவை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் விலையை நீங்களே எடை போடலாம்.

கிராண்ட் சீகோவிலிருந்து தொடங்கலாம். பலர் இந்தப் பெயரைக் கேட்டுத்தான் இந்தப் பக்கம் வருகிறார்கள். சீகோ கம்பெனியின் நிறுவனர் கின்டாரோ ஹத்தோரி 1881இல் டோக்கியோவில் கடிகாரக் கடை தொடங்கினார், 1892இல் தொழிற்சாலை வைத்தார், 1913இல் லாரெல் என்ற பெயரில் ஜப்பானின் முதல் கைக்கடிகாரத்தை வெளியிட்டார். சுவிஸ்காரர்களுக்கு இணையாக நிற்க வேண்டும் என்று 1960இல் சீகோவின் உயர்ரக வாட்ச்சாக வந்தது கிராண்ட் சீகோ. இன்று அதன் மெக்கானிக்கல் வாட்ச்சுகள் வடக்கே இவாதே மாகாணத்தின் ஷிசுகுயிஷியில் தயாராகின்றன. கட்டடக் கலைஞர் கெங்கோ குமா வடிவமைத்த மரக் கட்டடம் அங்கே 2020இல் திறக்கப்பட்டது. பெரிய ஜன்னலுக்கு வெளியே காடும் மலையும் தெரியும்படி வேலை மேசைகள் இருக்கும். படத்தைப் பார்த்தால் முழுக்க முழுக்கக் கைவேலை போலத் தோன்றும். ஆனால் அந்த மூவ்மென்ட்டின் எஸ்கேப் சக்கரம், பாலெட் போன்ற, ஓட்டத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் நுண்பாகங்கள் சிப் தயாரிக்கும் தொழில்நுட்பத்தை ஒத்த முறையில் உருவாகின்றன. கையால் அரம் பிடித்து அந்தத் துல்லியத்தைத் தொட முடியாது. மனிதர் வருவது அதற்கப்புறம். தலைமுடியைவிட மெல்லிய ஹேர்ஸ்பிரிங் என்ற சுருள்கம்பியைச் சாமணத்தால் துளித்துளியாக வளைத்துச் சரிசெய்வது, முட்களை ஒன்றையொன்று உரசாமல் பொருத்துவது, எண்குறிகளை ஒவ்வொன்றாக டயலில் பதிப்பது ஆகியவை கைவேலை. பிறகு 17 நாள், ஆறு நிலைகளில் வைத்துச் சோதனை.

டயல்? பனிச்செதில் டயல் என்று புகழ் பெற்ற ஸ்னோஃப்ளேக் மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 2010இல் வந்தது, இது நகானோ மாகாணத்தின் ஷியோஜிரியில் தயாராகிறது. காற்று வாரிய பனித்தரை போன்ற அந்தச் சொரசொரப்பு அச்சில் அழுத்தி எடுப்பது. யாரும் ஒவ்வொரு டயலையும் உட்கார்ந்து செதுக்குவதில்லை. வெள்ளை நிறம்கூட வெள்ளைப் பெயின்ட் அல்ல, வெள்ளி முலாமும் அதன் மேல் பல அடுக்கு வேலையும் சேர்ந்து கொடுக்கும் வெண்மை. 2021இல் வந்த வெள்ளை பிர்ச் மரப்பட்டை டயலும் அப்படித்தான். அழகில் குறை சொல்ல முடியாது, அந்த ஆண்டு ஜெனீவாவில் ஆண்கள் வாட்ச் பிரிவில் பரிசும் வாங்கியது. கையால் செய்த டயல் என்று நினைத்து வாங்கினால்தான் ஏமாற்றம்.

கிராண்ட் சீகோவில் கைத்திறன் உச்சத்தில் இருக்கும் இடம் வேறு: கேஸின் பளபளப்பு. ஸராட்ஸு பாலிஷ் என்பார்கள். சாமுராய் வாள் தீட்டும் கலையிலிருந்து வந்தது என்று பலர் எழுதுகிறார்கள், அதை நம்ப வேண்டாம். சல்லாஸ் என்ற ஐரோப்பிய நிறுவனம் செய்த பாலிஷ் மெஷினின் பெயர்தான் ஜப்பானிய நாக்கில் அப்படி ஆனது. வேகமாகச் சுழலும் தட்டையான தட்டின் முகத்தில் கேஸைக் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். வழக்கமான பாலிஷில் மென்மையான துணிச் சக்கரம் உலோகத்தின் ஓரங்களையும் தின்றுவிடும், விளிம்பு மழுங்கும், பரப்பு லேசாக அலை அடிக்கும். இந்த முறையில் பரப்பு கண்ணாடி மாதிரி சமமாக இருக்கும், இரண்டு பரப்புகள் சந்திக்கும் கோடு கத்திபோல் நிற்கும். எந்தக் கோணம், எவ்வளவு அழுத்தம், எத்தனை நொடி என்பதெல்லாம் பிடித்திருப்பவரின் கைக்குத்தான் தெரியும். ஒரு நொடி தவறினால் கேஸின் வடிவமே போய்விடும். 1960களில் டாரோ டனாகா என்ற வடிவமைப்பாளர், டோக்கியோவின் கடைவீதியான கின்சாவில் ஒரு கடைக் கண்ணாடிப் பெட்டியில் சுவிஸ் வாட்ச்சுகள் மின்னுவதையும் பக்கத்தில் சீகோ மங்கித் தெரிவதையும் பார்த்து, தட்டையான பரப்புகளை வைத்து ஒரு வடிவ விதியையே எழுதினார். 1967இல் வந்த 44ஜிஎஸ் மாடல் அதன்படி பிறந்தது. அந்த விதியைச் செயலாக்கக் கிடைத்த கருவிதான் அந்த சல்லாஸ் மெஷின். மெஷின் வெளிநாடு, கை ஜப்பான். அகிதா மாகாணத்திலிருந்து வரும் மினாசே என்ற சிறிய பிராண்டும் இதே பாலிஷுக்குப் பெயர் போனது. வெட்டுக் கருவி செய்யும் தொழிற்சாலை ஒன்று தன் திறமையைக் காட்ட ஆரம்பித்த பிராண்ட் அது. அதைப் பற்றி நம் பக்கம் யாரும் பேசுவதில்லை, பார்க்க வேண்டிய வாட்ச்.

சரி, நிஜமான பழைய தொழிலுக்கு வருவோம். என்னைக் கேட்டால் உருஷிதான் முதல் இடம்.

உருஷி என்பது ஒரு மரத்தின் பால். நாம் அரக்கு என்று சொல்வது பூச்சியிலிருந்து வருவது, இது அதுவல்ல. ஜப்பானில் இதன் தடயங்கள் ஏறக்குறைய ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே கிடைத்துள்ளன. பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ந்த மரத்தில், ஜூன் முதல் இலையுதிர் காலம் வரை பட்டையைக் கீறிக் கீறிச் சுரண்டி எடுப்பார்கள். ஒரு மரத்திலிருந்து மொத்தமே 200 கிராம் அளவுக்குத்தான் கிடைக்கும். அந்தப் பருவம் முடிந்ததும் மரத்தை வெட்டிவிடுவார்கள், வேரிலிருந்து புதுத் தளிர் வரும். ஜப்பான் பயன்படுத்தும் உருஷியில் மிகப் பெரும் பகுதி சீனாவிலிருந்து வருகிறது. உள்நாட்டுச் சரக்கில் பெரும் பகுதி இவாதே மாகாணத்தின் ஜோபோஜி பகுதியிலிருந்து. தேசியச் சொத்தான கோயில் கட்டடங்களைப் பழுதுபார்க்க உள்நாட்டு உருஷியையே பயன்படுத்த வேண்டும் என்று 2015இல் அரசு சொன்ன பிறகு அதற்குக் கிராக்கி இன்னும் கூடிவிட்டது.

இந்தப் பாலில் உள்ள உருஷியால் என்ற பொருள் பச்சையாகத் தோலில் பட்டால் அரிப்பும் கொப்புளமும் வரும். நம் சேங்கொட்டையும் முந்திரிக்கொட்டைத் தோலின் எண்ணெயும் கையைப் பொத்துப்போக வைக்கிறதே, அதே தாவரக் குடும்பம், கிட்டத்தட்ட அதே வேதியியல். உருஷித் தொழில் பழகுகிறவர்களுக்கு ஆரம்பத்தில் கை வீங்குவது வாடிக்கை.

வேடிக்கை என்னவென்றால், உருஷி வெயிலிலோ காற்றிலோ காய்வதில்லை. அதிலுள்ள ஒரு நொதி ஈரப்பதத்தில்தான் வேலை செய்யும். 70, 80 சதவீத ஈரமும் 25 டிகிரியை ஒட்டிய சூடும் இருக்கும் மரப்பெட்டிக்குள் வைத்தால்தான் இறுகும். ஈரம் அதிகமானால் மேல்தோல் முந்திக்கொண்டு சுருங்கிவிடும். குறைந்தால் நாள்கணக்கில் பிசுபிசுவென்று இருக்கும். ஒரு பூச்சு, பெட்டிக்குள் காத்திருப்பு, கரியால் தேய்ப்பு, மறுபடி பூச்சு. கடைசியில் மிக நுண்ணிய பொடியை விரல் நுனியில் தொட்டுத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுகிறார்கள். ஒருமுறை இறுகிவிட்டால் அமிலம், ஆல்கஹால் எதற்கும் அசையாது. அதன் எதிரி வெயிலின் புற ஊதாக் கதிர் ஒன்றுதான்.

சூப்புக் கிண்ணத்துக்கும் பெட்டிக்கும் உருவான இந்தத் தொழிலை வாட்ச் டயலுக்குக் கொண்டுவரும்போது சிக்கல் தொடங்குகிறது. கிண்ணத்தில் பூச்சு அரை மில்லி தடித்தால் யாருக்கும் தெரியாது. டயலில் தடித்தால் முள் இடிக்கும். அடித்தளம் மரமல்ல, பித்தளை. உருஷி அதில் எளிதில் பிடிக்காது. நடுவில் முள் தண்டுக்கான ஓட்டை, சிலவற்றில் தேதி ஜன்னல், அந்த விளிம்புகளில் பூச்சு திரளாமல் பார்க்க வேண்டும். கிண்ணத்தைக் கை நீட்டத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் டயலை லென்ஸ் வைத்துப் பார்க்கிறார்கள். ஒரு தூசு போதும், டயல் குப்பைக்கு.

2019இல் கிராண்ட் சீகோ தங்கக் கேஸில் ஒரு சாவி கொடுக்கும் வாட்ச் வெளியிட்டது. இவாதே மலையின் மடிப்புகள் அச்சிட்ட டயலின் மேல் அந்த வட்டார உருஷி. எண்குறிகளைக் கானசாவா நகரத்துக் கலைஞர் இஷ்ஷூ தமுரா தக்கா மக்கி-யே முறையில் எழுப்பியிருந்தார். உருஷியைத் தூரிகையால் அடுக்கடுக்காக ஏற்றிக் கோடுகளை மேடாக்கி, இறுகுவதற்கு முன் தங்கப் பொடியைத் தூவி, பிறகு மெருகேற்றுவது. எண்குறி என்று நாம் பார்ப்பது ஒட்டிய உலோகத் துண்டல்ல, கையால் வரைந்த மேடு. கானசாவாவில் இந்தக் கலை வேர் பிடித்ததற்கும் காரணம் உண்டு. காகா நாட்டை ஆண்ட மயேதா பிரபுக்கள் 17ஆம் நூற்றாண்டில் கியோட்டோவிலிருந்து தேர்ந்த கலைஞர்களை வரவழைத்துப் பட்டறை அமைத்துக் கொடுத்தார்கள். தமுரா அந்த மரபில் வருபவர். இதைத்தான் நான் தயக்கமில்லாமல் பாரம்பரியக் கைவினை என்பேன். விலை நியாயமா என்று கேட்டால், தங்கத்துக்கும் பிராண்டுக்கும் போனது போக மீதியைத்தான் உருஷிக்குக் கணக்குப் போட வேண்டும். அந்த மீதியில் எனக்குப் புகார் இல்லை.

சீகோவின் பிரசாஜ் வரிசையில் இதே வகைத் தொழில்கள் குறைந்த விலைக்கு வருகின்றன. எனாமல் டயலை ஃபுஜி போர்சலின் எனாமல் என்ற நிறுவனத்தில் மிட்சுரு யோகோசாவா என்ற கைவினைஞர் மேற்பார்க்கிறார். இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடிப் பொடிக் கலவையைத் தெளித்து 800 டிகிரிக்கு மேல் சுடுவது. அன்றைய சூடு, ஈரம் பார்த்துக் கலவையின் பதத்தை மாற்ற வேண்டும், பூச்சின் கனம் நூறில் ஒரு மில்லிமீட்டர் அளவில் சரியாக இருக்க வேண்டும். இரும்பில் எனாமல் ஏற்றுவது ஜப்பானின் ஆதிக் கலை அல்ல, 19ஆம் நூற்றாண்டில் மேற்கிலிருந்து வந்தது. ஆனால் 1913 லாரெல் வாட்ச்சிலேயே எனாமல் டயல் இருந்ததால், ஜப்பானிய வாட்ச் மரபு என்று சொன்னால் மறுக்க மாட்டேன்.

அரீதா பீங்கான் டயல் 2019இல் வந்தது. 1616ஐ ஒட்டி, கொரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட யி சாம்-பியோங் என்ற குயவர் அரீதாவில் பீங்கான் மண்ணைக் கண்டுபிடித்ததாகச் சொல்வது மரபு. அந்தப் பெருமைக்குரிய மண் வாட்ச்சுக்கு லாயக்கில்லை. மெல்லியதாக்கினால் உடைந்துவிடும். ஆகவே வழக்கமான பீங்கானைவிட நான்கு மடங்குக்கு மேல் உறுதியான புது மண் கலவையை உருவாக்க வேண்டியிருந்தது. முதலில் 1300 டிகிரியில் சுடுகிறார்கள், மெருகுப் பூச்சு ஏற்றி மறுபடி சுடுகிறார்கள், பிறகு லேசரால் ஓட்டை வெட்டுகிறார்கள். வெட்டிய விளிம்பை மழமழப்பாக்க மூன்றாம் சூடு. நானூறு ஆண்டு ஊர், லேசர் ஓட்டை. இதில் எனக்கு ஒரு முரணும் தெரியவில்லை. சுட்டால் சுருங்கும் பொருளில் துல்லியமான ஓட்டையை வேறு எப்படிப் போடுவது? நகோயாவின் அந்தோ நிறுவனம் செய்த ஷிப்போ, அதாவது ஜப்பானிய எனாமல் வேலைப்பாட்டு டயல்களும் உண்டு, 1880இலிருந்து நடக்கும் நிறுவனம். அவை குறைந்த எண்ணிக்கையில் வந்து தீர்ந்துவிட்டன.

சிட்டிசன் வேறு வழியில் போனது. அதன் உயர்ரக வாட்ச்சுகள் வெளிச்சத்தில் ஓடுபவை, டயலுக்கு அடியில் சூரியத் தகடு இருக்கும். ஆகவே டயல் வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். ஷிகோகு தீவில் கோச்சி மாகாணத்தின் தோசா வாஷி காகிதம் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. ஒருவகை மல்பெரிப் பட்டையின் நீள நாரில் செய்வது, மிக மெல்லியது, ஆனால் கிழியாதது. இதே வட்டாரத்துக் காகிதத்தை அருங்காட்சியகங்கள் பழைய ஓவியங்களைச் சீரமைக்க வாங்குகின்றன. ஆண்டுக்கு ஐந்து நொடி மட்டுமே பிசகும் குவார்ட்ஸ் வாட்ச்சின் முகத்தில் காகிதம்! மெக்கானிக்கல் இல்லையென்றால் மதிப்பில்லை என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை நேரில் பார்க்கட்டும். இங்கே கைவினை அலங்காரமாக மட்டும் நிற்கவில்லை, வாட்ச் ஓடுவதற்கே உதவுகிறது.

மூவ்மென்ட்டுக்குள்ளும் கைவேலை வேண்டும் என்றால் கிரெடோர் பக்கம் போக வேண்டும். சீகோ குடும்பத்தின் உச்சி அது. ஷியோஜிரியில் 2000இல் தொடங்கிய மைக்ரோ ஆர்ட்டிஸ்ட் ஸ்டுடியோ என்ற சின்னக் குழு செய்கிறது. 2014இல் வந்த எய்ச்சி 2 வாட்ச்சில் வெள்ளைப் பீங்கான் டயல், அதில் பிராண்ட் பெயர் உட்பட எல்லாக் குறிகளும் தூரிகையால் வரைந்தவை. பின்பக்கம் பார்த்தால் தகடுகளின் விளிம்புகள் கையால் சரித்துத் தேய்க்கப்பட்டிருக்கும். தேய்க்கும் கருவி ஜென்ஷியன் செடியின் காய்ந்த தண்டு. இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தவர் சுவிட்சர்லாந்தின் வாட்ச் கலைஞர் பிலிப் டுஃபூர். ஜப்பானின் உச்சக் கைவேலை வாட்ச்சில் தெரியும் பளபளப்பு ஒரு சுவிஸ் பள்ளத்தாக்கின் பாடம். கற்றுக்கொண்டதை அவர்கள் மறைப்பதும் இல்லை.

அதே ஸ்டுடியோ 2011இல் ஒரு மினிட் ரிப்பீட்டர் செய்தது. பொத்தானை நகர்த்தினால் மணியும் நிமிடமும் ஒலித்துச் சொல்லும். ஒலிக்கம்பிகளுக்கு ஹிமேஜி நகரத்தின் மியோசின் குடும்பத்தார் அடித்த எஃகு. பல தலைமுறையாக சாமுராய்களுக்குக் கவசம் செய்த குடும்பம். கவசத்துக்கு வேலை இல்லாமல் போனபின், கரியடுப்புக்கான இரும்புக் குச்சிகளும், அந்தக் குச்சிகளையே தொங்கவிட்ட காற்றுமணிகளும் செய்து பிழைத்தார்கள். காற்றுமணி செய்த அனுபவத்தில் எஃகின் ஓசை அவர்களுக்கு அத்துப்படி. அந்த வாட்ச்சில் ஓடுவது ஸ்பிரிங் டிரைவ் மூவ்மென்ட். ஸ்பிரிங்தான் சக்தி, ஆனால் வேகத்தைக் கட்டுப்படுத்துவது டிக்டிக்கென்று அடிக்கும் எஸ்கேப்மென்ட் அல்ல, காந்தமும் குவார்ட்ஸும். ஆகவே பின்னணியில் சத்தமே இல்லை, மணியோசை தனியாகக் கேட்கும். இந்த மூவ்மென்ட்டின் யோசனை யோஷிகாசு அகஹானே என்ற பொறியாளரிடம் 1977இல் தோன்றியது, கடைக்கு வந்தது 1999இல். எந்தப் பட்டறை மரபிலும் அடங்காத பிடிவாதம் இது.

முழுக்கக் கையால் செய்த வாட்ச்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் கம்பெனி இல்லாமல் தனியாக வாட்ச் செய்பவர்களிடம் போக வேண்டும். ஹாஜிமே அசவோகா, டைசோ மகிஹாரா, மசாஹிரோ கிகுனோ ஆகியோர். மகிஹாரா எடோ கிரிகோ கண்ணாடி வெட்டு வேலையை டயலாக்கினார். கிகுனோ 2011இல் செய்ததுதான் இந்தக் கேள்விக்கே நேரான பதில். பழைய ஜப்பானில் விடியல் முதல் அந்திவரை ஆறு பங்கு, அந்தி முதல் விடியல்வரை ஆறு பங்கு என்று நேரம் பிரிக்கப்பட்டது. கோடையில் பகல் பங்கு நீளும், குளிரில் சுருங்கும். நம் பஞ்சாங்கத்தில் சூரிய உதயம் முதல் மறைவுவரை எட்டாகப் பிரித்து ராகு காலம் கணிப்பதுபோலத்தான். 1873இல் மேலைநாட்டு நாள்காட்டிக்கு மாறும்வரை அங்கே ஊரே இந்தக் கணக்கில் ஓடியது, கடிகாரங்களும் அதற்கேற்பச் செய்யப்பட்டன. 1851இல் ஹிசாஷிகே டனாகா செய்த பெரிய கடிகாரம் பருவத்துக்கேற்ப எண்குறிகளைத் தானே நகர்த்தியது. இன்று டோக்கியோ உவேனோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டனாகா தொடங்கிய பட்டறைதான் பின்னாளில் தொஷிபாவாக வளர்ந்தது. அந்த இயக்கத்தைக் கிகுனோ மணிக்கட்டு அளவுக்குக் குறுக்கினார். பகலின் நீளம் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், வாங்குபவர் வாழும் இடத்தின் அட்சரேகைக்கு ஏற்ப உள்ளிருக்கும் ஒரு பாகத்தை வெட்டித் தருகிறார். கம்ப்யூட்டர் மெஷின் இல்லாமல் ஏறக்குறைய எல்லாப் பாகங்களையும் தாமே செய்வதால் ஆண்டுக்கு விரல் விட்டு எண்ணும் அளவுதான் வெளிவரும். காத்திருக்கப் பொறுமையும் காசும் இருந்தால் பாருங்கள்.

நவோயா ஹிதா இன்னொரு பெயர். 2018இல் தொடங்கியது. டயலில் எண்களைக் கையால் செதுக்கி வண்ணம் நிரப்புகிறார்கள், கேஸை மிகத் துல்லியமான மெஷின் வெட்டுகிறது. மூவ்மென்ட்டுக்கு அடிப்படை 7750 என்ற, வெளியில் வாங்கும் சுவிஸ் மூவ்மென்ட். சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். எதைக் கையால் செய்கிறோம், எதை வாங்குகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் அதில் குறை ஒன்றும் இல்லை.

வாங்குவது பற்றி. ஒன்றிரண்டு லட்சம் பட்ஜெட் என்றால் பிரசாஜ் எனாமல் அல்லது அரீதா போதும். அந்த விலைக்குச் சுட்டெடுத்த டயல் சுவிஸ் பக்கம் கிடைப்பது அரிது. கேஸ் பாலிஷ் கிராண்ட் சீகோ அளவுக்கு இருக்காது, அதை எதிர்பார்க்கவும் கூடாது. நான்கைந்து லட்சம் செலவழிக்க முடியுமென்றால் கிராண்ட் சீகோ. ஆனால் டயலை மட்டும் பார்க்காமல் கேஸின் பக்கவாட்டுப் பரப்பில் கடைக் குழல்விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள், நெளியாமல் நேராக விழ வேண்டும். விற்பவர் "ஹேண்ட்மேட்" என்றால், எந்த வேலை, எந்த ஊரில், யாருடைய பட்டறையில் என்று கேளுங்கள். உருஷி, எனாமல், பீங்கான் டயல்களுக்கு இதற்கு நேரான பதில் இருக்கும், கம்பெனியே பெயர் சொல்லி எழுதியிருக்கும். கீறிய கேஸைக் கடைத்தெருப் பாலிஷ்காரரிடம் கொடுக்காதீர்கள். துணிச் சக்கரத்தில் ஒரு சுற்று சுற்றினால் ஸராட்ஸு விளிம்பு போய்விடும், திரும்ப வராது. உருஷி டயல் வாட்ச்சை கார் டேஷ்போர்டிலும் ஜன்னல் ஓரத்திலும் வெயிலில் கிடத்தாதீர்கள். எனாமலுக்கு வெயில் பிரச்சினை இல்லை, கல் தரையில் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.